ஒரு தட்டு என்றால் ஆமாம்

கொல்லைமேடு, செய்யாறு வழி
10-1-1991

அன்புள்ள தம்பி நரசிம்மனுக்கு அக்கா மரகதம் எழுதியது. இங்கே நானும் உன் மாமாவும் மாடும் சுகம். மாமாவுக்கு மட்டும் முட்டி வலி. மாட்டுக்கு அதுவும் இல்லை. உன் உடம்பு, காந்திமதி உடம்பு, விஜய் படிப்பு எல்லாம் எப்படி என்று எழுது.

எழுத வந்த விஷயம் வேறு. உங்கள் உடுக்கைக்காரர் கோதண்டம் அண்ணனை ஐப்பசியில் காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோய்த் தொண்டையில் ஆபரேஷன் செய்தார்கள். கட்டியோடு குரலையும் எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓட்டை போட்டு, மேலே வெள்ளைத் துணி கட்டியிருக்கிறது. மூச்சு அதன் வழியாகத்தான். எத்தனையோ ஊர் ஆடிக் கூழுக்குப் பாடிய மனுஷன், இப்போது உடுக்கையைத் தட்டித்தான் பதில் சொல்கிறார். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை. அவர் மகள் செல்லம்மாள் நாள் முழுக்கக் கேள்வி கேட்கிறாள். "தண்ணியா? காலு வலிக்குதா? போர்வை வோணுமா?" சரியான கேள்வி கிடைக்கும் வரை அவரும் இரண்டிரண்டாகத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை பார்க்கப் போனேன். "என் தம்பிகிட்ட உங்க பாட்டு கேசட்டுல கீதே, கேக்கிறீங்களா?" என்றேன். ஒரே தட்டு. கூரை மேலிருந்த புறா பறந்துவிட்டது.

"பொட்டியில புடிச்சா ஆத்தா அங்கியே குந்திக்கும், எங்கிட்ட வராது" என்று சொல்லி எல்லோரையும் விரட்டியவர், உனக்கு மட்டும்தான் பாடினார். வேறு யாரிடமும் அவர் குரல் இல்லை. பொங்கலுக்கு வரும்போது கேசட்டை எடுத்து வா. மளிகைக்கடையில் டேப் ரெக்கார்டர் இருக்கிறது, சொல்லிவைத்துவிட்டேன்.

எல்லோருக்கும் என் ஆசி.
மரகதம்


வல்லம்
2-2-1991

அக்காவுக்கும் மாமாவுக்கும் நரசிம்மன் வணக்கம். இங்கே அனைவரும் நலம். காந்திமதிக்குச் சளி. எனக்கு டைம் ஆபீஸ் நாற்காலி கொடுத்த தொப்பை. மாட்டின் நலம் அறிந்து மகிழ்ச்சி.

பொங்கலுக்கு வர முடியவில்லை. கம்பெனியில் அவசர ஆர்டர் என்று எல்லோருக்கும் ஓ.டி. போட்டுவிட்டார்கள். எங்கோ ஒரு லாரி எங்கள் போல்ட் இல்லாமல் பொங்கல் கொண்டாட முடியாமல் நின்றதாம்.

கோதண்டம் அண்ணன் விஷயம் படித்ததிலிருந்து பஞ்சிங் கார்டு மேல் கண் நிற்கவில்லை. உனக்குத் திருமணமாகிப் போன பிறகு நடந்தவை என்பதால் எழுதுகிறேன். ஆடியில் அவர் எந்த ஊரில் பாடினாலும் என் சைக்கிள் அங்கே நிற்கும். வடக்குப்பட்டு, ஒரகடம், மாத்தூர் என்று ஏழு வருஷம். பாட்டு விடியும்போது முடியும். அதன் பிறகுதான் எங்களுக்குக் கச்சேரி. பம்ப்செட்டில் குளித்துவிட்டு வந்து, உடுக்கையைத் துடைத்து, துணிப்பையில் போட்டு முடிச்சுப் போடுவார். முடிச்சு விழும் வரை அவர் பாதி சாமி, யாரும் பேசக்கூடாது. பல்பொடி கறுத்த வாயோடு முப்பது பேர் அந்த முடிச்சையே பார்த்து நிற்போம். முடிச்சு விழுந்ததும் ஒவ்வொருவனாகப் பார்த்து, "யாரு வூட்டுப் புள்ள நீ? துன்னியா?" என்று கேட்பார். சாப்பிட்டவனும் இல்லை என்பான். அவர் கையால் ஒரு உருண்டை பழைய சோறும் மிளகாயும் கிடைக்கும்.

எழுபத்தெட்டாம் வருஷம் இதே வல்லத்தில், "ஏழு வருசமா வர. ஒண்ணும் கேக்க மாட்ற. இன்னாதான்டா வோணும் உனக்கு?" என்றார். சிங்கப்பூரிலிருந்து வந்த யாக்கோபுவிடம் இரவல் வாங்கிய டேப் ரெக்கார்டரைப் பைக்குள்ளிருந்து காட்டினேன். ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். போட்ட முடிச்சை அவிழ்த்தார். அம்மன் தாலாட்டை எனக்காக, எனக்கு மட்டுமாக, பம்ப்செட்டு மேடையில் உட்கார்ந்து முழுதாகப் பாடினார். போட்ட முடிச்சை அவர் அவிழ்த்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கேசட்டைத் தேடிப் பார்க்கிறேன்.

மாமாவின் முட்டிக்கு வேப்பெண்ணெய் நல்லது.
நரசிம்மன்


கொல்லைமேடு
14-2-1991

தம்பிக்கு ஆசி. மாமாவுக்கு வேப்பெண்ணெய் தடவி வீடே நாறுகிறது. முட்டி அப்படியே இருக்கிறது.

நீ கேசட் பற்றி எழுதிய வரியை மூன்று முறை படித்தேன். தேடுவதற்கு அதில் என்ன இருக்கிறது? அம்மாவின் பித்தளைச் சம்புடத்தில், ரேஷன் கார்டுக்கு அடியில். வருகிறவர்களுக்கெல்லாம் திறந்து காட்டுவாய், தொட விடமாட்டாய். என் பெண் சௌந்தர்யா குழந்தையாக இருந்தபோது எடுத்துவிட்டாள் என்று அவளை அழவைத்தாய்.

இந்த ஊரில் என் பெயர் யாருக்கும் தெரியாது. 'கேசட்காரர் அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கிணற்றடிக்குப் போனால், "இன்னா, கேசட்டு வந்துச்சா?" கடைக்குப் போனால் அதே கேள்வி. கோதண்டம் அண்ணன் வீட்டு வழியாகப் போவதை விட்டு வரப்பில் சுற்றிக்கொண்டு போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். சீக்கிரம் வா.
மரகதம்


வல்லம்
24-3-1991

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நலம். பதில் தாமதம், காரணம் ஆண்டு இறுதிக் கணக்கெடுப்பு. கம்பெனியில் எத்தனை நட்டு இருக்கிறது என்று எண்ணி முடிக்கும் வரை யாரும் வீட்டைப் பற்றிக் கவலைப்படக்கூடாது என்பது விதி.

கேசட் கிடைத்தது. பூஞ்சை பிடித்திருக்கிறது. சுத்தம் செய்ய ஸ்ரீபெரும்புதூரில் ரேடியோக் கடை பிரசன்னாவிடம் கொடுத்திருக்கிறேன். அவன் பொறுமையாக வேலை செய்கிறவன். போன வருஷம் கொடுத்த ரேடியோவையே இன்னும் பொறுமையாகச் செய்துகொண்டிருக்கிறான்.

அதுவரை அண்ணன் மனம் குளிர ஒன்று செய்திருக்கிறேன். இங்கே டீக்கடையில் அவருடைய பழைய ரசிகர்களைப் பிடித்து, பாட்டு முடிந்து அவரைச் சந்தித்த கதைகளைக் கேட்டு எழுதியிருக்கிறேன். நீ அவருக்குப் படித்துக் காட்டு. மொத்தம் பதினேழு பேர். பதினேழு பேரும், "ஊரே நின்னுக்கினு இருந்துச்சு, என்னை மட்டும்தான் பாத்துத் துன்னியான்னாரு" என்கிறார்கள். கண்ணப்பன் இன்னும் மேலே போய், அவர் தன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வயலைச் சுற்றி வந்ததாகச் சொல்கிறான். அப்போது அவனுக்கு முப்பது வயது; எடை எண்பது கிலோ. யாக்கோபு, தான் கோயிலுக்கு வெளியிலேயே நின்று கேட்பது தெரிந்து, அண்ணன் திருநீற்றுத் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு வெறும் எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் கொடுத்ததாகச் சொன்னான். "அத ஊறுகாகூடப் போடலடா, காய வுட்டு வச்சிருந்தேன்" என்றான். அதைச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

தனியாக எல்லாவற்றையும் நோட்டில் எழுதி அனுப்பியிருக்கிறேன். கூடவே ஹார்லிக்ஸ் ஒரு பாட்டில்.

நரசிம்மன்


கொல்லைமேடு
18-4-1991

தம்பிக்கு ஆசி. சித்திரை பிறந்தும் மழை இல்லை. சௌந்தர்யாவுக்கு ஆவணியில் பிரசவம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நோட்டைப் படித்துக் காட்டினேன். கண்ணப்பன் கதைக்கு இரண்டு தட்டு. கொஞ்சம் யோசித்து மறுபடியும் இரண்டு. யாக்கோபுவின் எலுமிச்சம்பழத்துக்கு ஒரு தட்டு. 'என்னை மட்டும்தான் கேட்டார்' என்று சொன்ன பதினேழு பேருக்கும் சலிக்காமல் பதினேழு தட்டு. செல்லம்மாள், "அதெப்டிப்பா எல்லாரும் நெசம்?" என்றாள். அதற்கும் ஒரு தட்டு.

பிறகு உன் தை மாதக் கடிதத்தையும் படித்தேன். சைக்கிள் என்றதும் கையைச் சுழற்றி, மணி அடிப்பது போலக் காட்டி, இல்லை என்று கையை விரித்தார். உன் சைக்கிளுக்கு மணி இல்லாதது அவருக்கு நினைவு இருக்கிறது. பம்ப்செட்டு, முடிச்சு, தாலாட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. கடைசியில் 'கேசட்டைத் தேடிப் பார்க்கிறேன்' என்ற வரியையும் படித்துவிட்டேன். அதற்குத் தட்டவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆள் பாதியாகிவிட்டார். ஹார்லிக்ஸ் இறங்குகிறது. சோறு இறங்கவில்லை.

உங்கள் சுகத்துக்கு எழுது.
மரகதம்


வல்லம்
9-6-1991

அன்புள்ள அக்காவுக்கு, இங்கே நாங்கள் பத்திரமாக இருக்கிறோம்.

மே மாதம் நம் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது உனக்குத் தெரியும்; உலகத்துக்கே தெரியும். இதுவரை எந்த வரைபடத்திலும் தேடினால்தான் கிடைத்த ஊரை இப்போது ரேடியோவில் எல்லா மொழியிலும் தப்பாக உச்சரிக்கிறார்கள். பஸ்ஸை நிறுத்தி எல்லாப் பையையும் கொட்டிப் பார்க்கிறார்கள். வயர் உள்ள பொருள் எதைக் கொண்டுபோனாலும் ஆயிரம் கேள்வி. என் டிபன் கேரியரில் சாம்பார் இருந்ததற்கே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. இந்த நிலையில் கேசட்டோடு புறப்படுவது சரியல்ல என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

பிரசன்னா கடையும் மூன்று வாரமாக மூடியிருக்கிறது.

சௌந்தர்யாவை அதிகம் நடக்கவிடாதே. அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்.
நரசிம்மன்


கொல்லைமேடு
22-6-1991

நரசிம்மா,

எல்லோரும் சுகம்.

கேசட்டில் அவர் பாட்டு இருக்கிறதா, இல்லையா? நான்கு பக்கம் எழுதாதே. ஒரு தட்டா, இரண்டு தட்டா?

அக்கா


வல்லம்
14-7-1991

அக்காவுக்கு,

இரண்டு தட்டு.

உடல்நலம் விசாரித்து எழுத இந்த முறை தெம்பு இல்லை. மன்னித்துக்கொள்.

எண்பத்தாறில், ஆயுத பூஜை அன்று, எங்கள் மேனேஜர் பேசுவதைப் பதிவு செய்யச் சொன்னார்கள். அப்போது நான் லைனில் நின்று போல்ட்டுக்கு மரை வெட்டிக்கொண்டிருந்தேன். தமிழ் நன்றாக எழுதுவேன் என்று யாரோ சொல்லி, பேச்சைக் கேட்டு எழுதி போர்டில் ஒட்டும் வேலை என்னிடம் வந்தது. டேப் ரெக்கார்டர் கொடுத்தார்கள், கேசட் கொடுக்கவில்லை. பூஜை நாள், கடை இல்லை. கோதண்டம் அண்ணன் கேசட்டில் ஒரு பக்கம்தான் பாட்டு. மறு பக்கம் காலி. அந்தக் காலிப் பக்கத்தில் எடுக்கலாம் என்று கொண்டுபோனேன்.

பாட்டு அழிந்துவிடாமல் இருக்க, கேசட் விளிம்பில் அந்தப் பக்கத்துக்கான பிளாஸ்டிக் பல்லைப் பாட்டு எடுத்த அன்றே உடைத்து வைத்திருந்தேன். பல் உடைந்த பக்கத்தைப் போட்டால் பதிவுப் பொத்தான் அழுந்தாது. மேனேஜர் மைக் முன்னால் வந்து தொண்டையைக் கனைத்தார். நான் பொத்தானை அமுக்கினேன். அழுந்தவில்லை. மறுபடி அமுக்கினேன். இல்லை. என்னைவிட அந்த எந்திரத்துக்கு விசுவாசம் அதிகம். சூப்பர்வைசர், "இன்னா நரசிம்மா, பேச ஆரம்பிச்சிட்டாரு, வெளாடிக்கினு கீறயா?" என்று பல்லைக் கடித்தார். சட்டைப் பையில் பஸ் டிக்கெட் இருந்தது. மடித்து, உடைந்த பல் இருந்த பள்ளத்தில் திணித்து அமுக்கினேன். அழுந்தியது.

தெரியாமல் செய்தேன் என்று ஐந்து வருஷமாக எனக்கே சொல்லிவருகிறேன். அக்கா, பொத்தான் அழுந்தாமல் போக ஒரே ஒரு காரணம்தான் உண்டு. அது எனக்குத் தெரியும். கேசட்டை எடுத்துத் திருப்பிப் போட அரை நிமிடம் ஆகும். மேனேஜர் பேச்சில் அரை நிமிடம் விட்டுப்போகுமே என்று பயந்தேன்.

"மெஷின் உங்க அம்மா மாதிரி. பெத்த அம்மாவை அரை மணி நேரம் சும்மா நிறுத்தி வைப்பீங்களா?" என்று மேனேஜர் கேட்டார். இருபத்தாறு நிமிடம் பேசினார். அம்மன் தாலாட்டு இருபத்தேழு நிமிடம். பாட்டு முடிந்து உடுக்கை அடங்குகிற கடைசிப் பகுதியும், அதன் பிறகு நானும் அவரும் பேசிய நாலு வார்த்தையும் மட்டும் மிச்சம். பேச்சை அழகாக எழுதி ஒட்டியதற்காக என்னை டைம் ஆபீசுக்கு மாற்றினார்கள். நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி அதுதான்.

பூஞ்சை பிடிக்கவில்லை. பிரசன்னாவிடம் கொடுக்கவில்லை. சம்புடத்தில்தான் இருக்கிறது. டிக்கெட்டும் அந்தப் பள்ளத்திலேயே இருக்கிறது. எடுக்கக் கை வரவில்லை.

நரசிம்மன்


கொல்லைமேடு
22-7-1991

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. மாமாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அடுப்பிலும் போடவில்லை.

நீ வருகிறாய் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். இருப்பதை எடுத்துக்கொண்டு வா. ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை. கம்பெனிக்கு லீவு, காரணம் எழுத இடமில்லை. சௌந்தர்யா பிரசவத்துக்காக நான் ஒன்றாம் தேதி அரக்கோணம் போகிறேன். நான் இல்லாதது நல்லதுதான். இருந்தால் ஏதாவது பேசிவிடுவேன்.

மாமாவுக்குப் பல்லி மிட்டாய் பிடிக்கும், வாங்கி வா.
மரகதம்


வல்லம்
7-8-1991

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். மாமா நலம், பல்லி மிட்டாய் முழுவதையும் ஒரே உட்காரலில் முடித்தார். சௌந்தர்யாவும் நீயும் நலம்தானே?

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கோதண்டம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் உடுக்கை. பார்த்ததும் கையால் மணி அடித்துக் காட்டினார். வாசலில் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். செல்லம்மாள் அதற்குள் கேசட்டை வாங்கிப் போட்டுவிட்டாள்.

"அன்பார்ந்த தொழிலாளத் தோழர்களே" என்றார் மேனேஜர்.

"அண்ணே, வேற கேசட்டு மாத்திக் கொண்டாந்துட்டீங்க போல கீதே" என்று அவள் நிறுத்தப் போனாள். இரண்டு தட்டு. அவள் கையை எடுத்தாள்.

அக்கா, இருபத்தாறு நிமிடமும் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'மெஷின் உங்க அம்மா மாதிரி' வந்தபோது ஏதோ சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். குரல் இல்லை, கழுத்துத் துணி மட்டும் விசில் சத்தத்தோடு படபடத்தது. பிறகு மேனேஜர் உற்பத்தி இலக்கு பற்றிப் பேச, அவர் விரல் உடுக்கையில் மெல்லத் தாளம் போட ஆரம்பித்தது. அந்தப் பேச்சுக்கு அப்படி ஒரு தாளம் இருந்தது எழுதி ஒட்டிய எனக்கே தெரியாது.

கைதட்டல் பாதியில் வெட்டி, பழைய உடுக்கை வந்தது. அவர் விரல் நின்றுவிட்டது. அது அடங்கியது. தண்ணீர் விழும் சத்தம். அதன் மேல் அவர் குரல்.

"நல்லா வந்துச்சாடா?"

"வந்துச்சிண்ணே."

"பத்திரமா வச்சிப்பியா?"

"உசுரு கீற வரிக்கும் வச்சிருப்பேண்ணே."

"வச்சிரு, வச்சிரு. எனக்கு வோணும்னா வந்து கேட்டுக்கறேன். துன்னியா நீ?"

அவ்வளவுதான். இதைத்தான் உங்கள் யாருக்கும் போட்டுக் காட்ட முடியாமல் சம்புடத்தில் வைத்திருந்தேன்.

"நான்தான் அழிச்சிட்டேண்ணே" என்றேன். ஒரு தட்டு. "கோவமாண்ணே?" என்றேன். காத்திருந்தேன். ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. டேப் ரெக்கார்டரைக் காட்டி விரலைச் சுழற்றினார். செல்லம்மாள் கடைசிப் பகுதியை மட்டும் திருப்பப் போனாள். இரண்டு தட்டு. முதலிலிருந்து வேண்டுமாம். மறுபடியும் அன்பார்ந்த தொழிலாளத் தோழர்களே.

இரண்டாம் முறை முடிந்ததும் கேசட்டை வாங்கி உடுக்கையோடு துணிப்பையில் போட்டு முடிச்சுப் போட்டார். முடிச்சு விழுந்தால் பேசலாம் என்பது பழைய விதி. நான் எழுந்து பஸ்ஸுக்கு நடந்தேன்.

நரசிம்மன்


கொல்லைமேடு
29-9-1991

அன்புள்ள தம்பிக்கு அக்கா ஆசி. சௌந்தர்யாவும் பிள்ளையும் சுகம். ஆண் குழந்தை. மாமாவின் முட்டி அப்படியேதான்.

தந்தி கம்பெனி கேட்டிலேயே இரண்டு நாள் கிடந்தது என்று காந்திமதி எழுதியிருந்தாள். வருகிறவன் போகிறவன் நேரமெல்லாம் குறிக்கிற ஆபீஸ், நம்மை விட்டுப் போனவருக்கு மட்டும் இரண்டு நாள் பிந்திவிட்டது. போகட்டும். நீ இல்லாததால் நடந்ததை எழுதுகிறேன்.

நீ வந்துபோனதிலிருந்து அவர் தினமும் காலையில் முடிச்சை அவிழ்த்து அந்தக் கேசட்டைக் கேட்டாராம். மளிகைக்கடைக்காரர் டேப் ரெக்கார்டரை அங்கேயே விட்டுவிட்டார். புதன்கிழமை உடலை எடுப்பதற்கு முன்னால் செல்லம்மாள், "எங்கப்பன் கொரல ஒரு தபா எல்லாரும் கேட்டுடுங்க" என்று கேசட்டைப் போட்டாள். நான் ஓடிப்போய், "ஓட்டி வுட்டுக் கடைசியா போடுடி" என்றேன். "அப்பா மொதல்லேர்ந்துதான் கேக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

எட்டு ஊர் ஜனம் நின்றது. பம்பைக்காரர்கள் பம்பையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். உன் மேனேஜர் இருபத்தாறு நிமிடம் பேசினார். ஒரு கிழவி, "யாரு இது, எம்.எல்.ஏ.வா?" என்றாள். "சும்மா கேளு, இதுக்கப்பறம்தான் அவரு வர்றாரு" என்றார்கள். ஒருவர் நகரவில்லை. மெஷினை அம்மா மாதிரி பார்த்துக்கொள்ளச் சொன்னதற்குச் சிலர் தலையாட்டினார்கள்.

பிறகு அவர் வந்தார். "நல்லா வந்துச்சாடா?" என்றார். உன் குரல் பதில் சொல்வதற்கு முன்னால் கூட்டத்தில் யாரோ, "வந்துச்சிண்ணே" என்றார்கள். பிறகு பின்னாலிருந்து இன்னொருவர். பிறகு யார் சொன்னார்கள் என்று கணக்கில்லை. உன் வாக்குறுதியையும் எல்லோரும் கேட்டார்கள். யாரும் உன்னைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

கேசட் இனி செல்லம்மாளிடம் இருக்கும். நீ திணித்த பஸ் டிக்கெட்டை ஊசியால் நெம்பி எடுத்துவிட்டாள். இதோ இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அது உன்னுடையது.

ஒன்று விட்டுவிட்டேன். கடைசியில் அவர், "துன்னியா நீ?" என்று கேட்டார் அல்லவா? செல்லம்மாள் இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர் தொடவில்லை. ஒரு வருஷமாக அவரைக் கேள்வி கேட்டே ஓய்ந்தவள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் டேப் ரெக்கார்டரைப் பார்த்து, "இன்னும் இல்லப்பா" என்றாள்.

நீ சாப்பிட்டாயா என்று எழுது.

அக்கா
மரகதம்